தெய்வப்பிறவி எண்டு சொல்லுறதை நிப்பாட்டுங்கோ

நில்ஸ் பெட்டர் மொல்வேர் ஒரு தீவுப் பெடியன். நோர்வேயின் மேற்குக் கரையில் இருக்கிற சூலா என்ற தீவில் 1960இல் பிறந்தவர். 19 வயதில் தீவை விட்டு வெளிக்கிட்டு, துரொண்ட்ஹைம் நகரத்து இசைக் கல்லூரியில் ஜாஸ் படிக்கப் போனார். பிறகு 'மஸ்குவலேரோ' என்ற குழுவில் ட்ரம்பெட் ஊதினார். 1997இல் ஈ.சி.எம். என்ற ஜேர்மன் நிறுவனம் வெளியிட்ட 'க்மேர்' இசைத்தட்டோடு அவருடைய பெயர் ஐரோப்பா முழுக்கத் தெரியவந்தது. தனிய நிண்டு பேசுற ட்ரம்பெட், அதுக்குக் கீழே மின்னணுத் தாளம், கிற்றார், இரைச்சல். ஜாஸ் எண்டால் இப்பிடித்தான் இருக்க வேணும் எண்டிருந்த சட்டங்களைப் பெரிசாக மதிக்காத வேலை அது.

எங்கட வயது ஆக்கள் சிலர் மொல்வேரையும், அவருக்குப் பிறகு வந்த ஆர்வே ஹென்ரிக்சனையும் ஹெட்போனில் கேட்கினம். கேட்டுப்போட்டு, "என்ன மனுசனப்பா, பிறவி மேதை" எண்டு எழுதுகினம். சந்தோசம். நாங்களும் கேட்கிறோம். ஆனால் அந்தப் 'பிறவி மேதை' என்ற சொல்லில்தான் எங்களுக்குக் கோபம் வருது. அதே சொல்லை எங்கட ஊரில் வேறொரு ஆளுக்கும் சொல்லுகினம். அவருடைய கையிலும் ஒரு ஊதுகருவி இருக்கு. அவரைத் தெய்வப்பிறவி எண்டு சொல்லிப்போட்டு, திருவிழா முடிஞ்ச மறுநாள் மறந்து போகினம்.

இது மொல்வேருக்கு எழுதுகிற வாழ்த்து மடல் இல்லை. எங்கட ஆக்களோட பிடிக்கிற சண்டை. நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் நாங்கள் கொடுத்து வைத்திருக்கிற இடம் எது, அந்த இடத்தில் நிண்டுகொண்டு ஒரு கலைஞரால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதுதான் எங்கட கேள்வி.

*தீவில் இருந்து எப்பிடி ஒரு ட்ரம்பெட்காரன் வந்தான்?*

முதலில் நோர்வேயைப் பார்ப்பம். அது எங்களுக்கு அந்நிய நாடு இல்லை. 1956இலேயே குருநகர் அந்தோனி இராஜேந்திரம் அங்கே போய்ச் சேர்ந்தார். அவருடைய முயற்சியால் உருவான சீ-நோர் நிறுவனம் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரில் படகு கட்டும் தளமும் நடத்தினது. அந்த வழியில் போன மாணவர்களும் பிறகு போன அகதிகளும் இண்டைக்கு ஒஸ்லோவிலும் பேர்கனிலும் இருக்கினம். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நெடுந்தீவுக்கும் நோர்வே எண்டால் மாமா வீடு, சித்தி வீடு.

அந்த மாமா வீட்டுப் பிள்ளையளைக் கேட்டுப் பாருங்கோ. மே 17, நோர்வேயின் தேசிய நாள். அண்டைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையள் ஊர்வலம் போவினம். ஊர்வலத்துக்கு முன்னால் பிள்ளையளின் வாத்தியக் குழு ட்ரம்பெட்டும் ட்ரொம்போனும் ஊதிக்கொண்டு போகும். சின்ன ஊர், சின்னத் தீவு எண்டு பாராமல் நாடு முழுக்க இந்தப் பள்ளிக்கூட வாத்தியக் குழுக்கள் இருக்கு. ஒரு மீன்பிடிக்காரரின் பிள்ளை ட்ரம்பெட்டைத் தொட்டுப் பார்க்கப் பரம்பரை தேவையில்லை. பள்ளிக்கூடம் போனால் போதும்.

அதுக்கு மேலே அடுத்த படிகள் இருக்கு. ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றமும் பிள்ளையளுக்கு இசை, கலைப் பள்ளி நடத்த வேணும் என்று 1990களின் கடைசியில் சட்டமே வந்தது. துரொண்ட்ஹைமில் ஜாஸ் படிப்பு 1979இலேயே தொடங்கிவிட்டது. கலைஞர்களுக்கு அரசாங்க உதவித்தொகை இருக்கு. இவை எல்லாத்தையும் விட எங்களைப் பொறாமைப்பட வைக்கிற விசயம் ஒண்டு இருக்கு. வொஸ் என்ற மலைநாட்டு ஊரில் நடக்கிற ஜாஸ் திருவிழா ஒவ்வொரு வருசமும் ஒரு கலைஞரைக் கூப்பிட்டு, "எங்களுக்காகப் புதிசாய் ஒண்டு ஆக்கித் தா" என்று கேட்டுக் காசு குடுக்கும். 1996இல் மொல்வேரைக் கேட்டது. அவர் 'லாபிரிந்தர்' என்ற ஆக்கத்தைக் குடுத்தார். அடுத்த வருசம் உலகம் கேட்ட 'க்மேர்' அதில் இருந்துதான் வந்தது.

அவருக்குத் திறமை இல்லை எண்டு நாங்கள் சொல்லேல்லை. கனக்க இருக்கு. அந்தத் திறமை தடுக்கி விழாமல் நடக்க, படிக்குப் படி ஆரோ கல்லு வைச்சிருக்கினம் எண்டுதான் சொல்லுறம். பள்ளிக்கூடம் ஒரு கல்லு. கல்லூரி ஒரு கல்லு. ஊர்த் திருவிழா ஒரு கல்லு. ஒலிப்பதிவு ஒரு கல்லு. மேதை எண்டு சொல்லி இந்தக் கல்லுகளை மறைக்கேக்கை, எங்கட கடமையையும் சேர்த்து மறைச்சுப் போடுறம்.

*எங்கட கையில் இருந்த கருவி*

இனி இங்கே வருவம். ஆச்சா மரத்தில் கடைஞ்ச, இரண்டரை அடி நீளமான குழல். வாயில் வைக்கிறது நாணலில் செய்த சீவாளி. சீவாளி நொந்து போனால் மாத்த, வேறு நாலைஞ்சு சீவாளியும் ஒரு ஊசியும் நூலில் கட்டிக் குழலோடையே தொங்கும். குழலில் விரல் ஓடுற துளைகள் ஏழுதான். கமகத்தை உண்டாக்குறது விரல் மட்டுமில்லை. மூச்சும், உதடும், சீவாளியைப் பல்லுக்கும் நாக்குக்கும் இடையில் பிடிக்கிற பக்குவமும்தான். ட்ரம்பெட்டில் மொல்வேர் மூச்சின் சத்தத்தையே இசையாக்குறார் எண்டு வியக்கிற ஆக்கள், நல்ல நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தை ஊதி, அதை அப்பிடியே தேய்ச்சு மெலிச்சுக் காத்தோட கலக்க விடுறதைப் பக்கத்தில் இருந்து கேட்க வேணும்.

இது பாட்டை ஒப்புவிக்கிற கருவி இல்லை. சாமி வெளிவீதிக்கு வரேக்கை வாசிக்கிற மல்லாரிக்குச் சொல்லே கிடையாது. பெரும்பாலும் கம்பீரநாட்டையில், தாளக்கணக்கை ஒண்டு, இரண்டு, நாலு என்று வேகம் மாத்தி மாத்திக் கட்டுறது. அதுக்குப் பிறகு வீதியில் சாமியை நிப்பாட்டிப்போட்டு மேளச்சமா தொடங்கும். ஒரு மணித்தியாலம் தோடியோ சண்முகப்பிரியாவோ. எழுதின தாள் இல்லை. நாதஸ்வரக்காரர் ஒரு சொல்லைப் போட, தவில்காரர் அதை உடைச்சுத் திருப்பிக் குடுப்பார். அந்த இடத்தில், அந்த நேரத்தில், நாலு பேர் சேர்ந்து ஆக்குற இசை. ஜாஸ்காரர் இதைத்தான் தங்கட கலையின் உயிர் எண்டு சொல்லுகினம். சார்லி மரியானோ என்ற அமெரிக்க ஜாஸ் சக்ஸபோன்காரர் இதைக் கேட்டு மயங்கி, ஆசியாவுக்கு வந்து நாதஸ்வரம் படிச்சு, 1970களில் தன்ர ஜாஸ் இசைத்தட்டுகளில் ஊதினார். அவருக்கு விளங்கினது எங்கட கோயில் நிர்வாக சபைகளுக்கு இன்னும் விளங்கேல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கலையின் பெரிய பெயர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1898இல் பிறந்து 1956இல் இறந்தவர். குழலையே நீட்டி, சுருதியைத் தாழ்த்தி, பாரி நாதஸ்வரத்தை நிலைநிறுத்தினவர். கருவியை மாத்தினதோடு அவர் நிக்கேல்லை. தலைமுடியைக் கிராப்பாக வெட்டி, கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, வாய்ப்பாட்டு வித்துவானுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை எனக்கும் வேணும் எண்டு நிண்டார். அவருடைய தோடியைப் புகழுற ஆக்கள் அந்தச் சப்பாத்தைப் பற்றிப் பேசுறதில்லை. எங்களுக்கு இரண்டும் ஒண்டுதான்.

யாழ்ப்பாணத்திலும் இந்தக் கலைக்குப் பெரிய காலம் இருந்தது. தமிழ்நாட்டு வித்துவான்கள் வந்து தங்கித் திருவிழா வாசிச்சினம். அளவெட்டி, இணுவில், கோண்டாவில், சாவகச்சேரி எண்டால் மேளம் நினைவுக்கு வரும். நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்தே சனம் நினைக்கிற அளவெட்டி என். கே. பத்மநாதன் அந்தக் காலத்து ஆள். அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் தவில் மேதை தெட்சணாமூர்த்தி. 1933இல் பிறந்து 1975இல் இறந்தவர். தமிழ்நாட்டின் முன்னணி நாதஸ்வரக்காரர் தங்களுக்குப் பக்கத்தில் இவர் இருக்க வேணும் எண்டு கூப்பிட்ட ஈழத்துத் தவில்காரர். 42 வயதைத் தாண்டாமல் போய்விட்டார்.

அவர் வாசிச்சதில் எங்களுக்கு மிஞ்சினது என்ன? ரசிகர்கள் தங்கட பாட்டில் பதிஞ்சு, பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒலிநாடாக்கள். இரைச்சலுக்கு நடுவில் கேட்கிற சில மணித்தியாலங்கள். 2015இல் அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். அதுக்கு இந்திய தேசிய விருது கிடைச்சது. நல்ல விசயம். ஆனால் கணக்குப் பாருங்கோ. ஆள் செத்து 40 வருசம். உயிரோடு இருந்த காலத்தில் நல்ல கூடத்தில், நல்ல ஒலிவாங்கி வைச்சு, அவரிடம் "உன்ர விருப்பத்துக்கு வாசி, நாங்கள் பதியிறம்" எண்டு வரிசையாய்க் கேட்டிருந்தால் இண்டைக்கு எங்களிட்ட ஒரு நூலகமே இருந்திருக்கும். மேதை, ஞானி, தெய்வப்பிறவி எண்டு சொல்ல ஆக்கள் இருந்தினம். பதிஞ்சு வைக்க ஒரு அமைப்பு இருக்கேல்லை.

*நோட்டீசின் கடைசி வரி*

எங்கட தீவுப்பகுதிக் கோயில் நோட்டீஸ் ஒண்டை எடுத்துப் பாருங்கோ. எந்தக் கோயில் எண்டு கேட்க வேண்டாம், பெரும்பாலும் ஒரே அச்சுத்தான். முதலாம் திருவிழா உபயம் இன்னார் குடும்பம், கனடா. இரண்டாம் திருவிழா இன்னார் குடும்பம், இலண்டன். மூண்டாம் திருவிழா நோர்வே. பெயர், ஊர், நாடு, சில வேளை படமும். குருக்கள்மாரின் பட்டங்கள் நாலு வரி. எல்லாத்துக்கும் அடியில், ஒலி ஒளி அமைப்புக்குப் பக்கத்தில் 'மங்கள வாத்தியம்: இன்னார் குழுவினர்'. ஜெனறேற்றர்காரரும் நாதஸ்வரக்காரரும் ஒரே இடத்தில்.

ஜெனறேற்றர்காரரை நாங்கள் குறைச்சுச் சொல்லேல்லை, அவரும் உழைப்பாளி. ஆனால் இந்த வரிசையில் ஒரு பார்வை இருக்கு. வாத்தியம் என்பது கோயிலுக்குத் தேவையான ஒரு வசதி. லைற் மாதிரி. எரிஞ்சால் போதும். ஆர் வாசிச்சது, என்ன ராகம், போன வருசத்தை விட என்ன புதிசு எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை. "எத்தினை கூட்டு மேளம்?" எண்டு மட்டும் கேட்பினம். அது இசைக்கான கேள்வி இல்லை, உபயகாரரின் வசதிக்கான கேள்வி.

'மங்கள வாத்தியம்' என்ற பெயரையும் கொஞ்சம் யோசியுங்கோ. மரியாதையான பெயர் மாதிரித்தான் தெரியும். உண்மையில் அது ஒரு வேலி. கலியாணத்துக்கு ஊது, கொடியேத்தத்துக்கு ஊது, தாலி கட்டேக்கை கெட்டிமேளம் கொட்டு. மற்ற நேரம் சத்தம் காட்டாதை. சந்தோசத்தை மட்டும் சொல்ல அனுமதிக்கப்பட்ட கலைஞர் எவ்வளவு தூரம் போவார்? மொல்வேரின் ட்ரம்பெட்டில் பயம் இருக்கு, தனிமை இருக்கு, கடல் இருக்கு. எங்கட கருவிக்கு முகாரி தெரியும். முகாரியை ஊதக் கேட்கிறதுக்கு நாங்கள் ஆயத்தமாய் இல்லை.

சாதியைப் பேசாமல் இதைப் பேசி முடிக்கேலாது. "இப்ப ஆர் சாதி பாக்கினம்?" எண்டு கேட்கிற அண்ணைமாருக்கு ஒரு கேள்வி. உங்கட பிள்ளை வயலின் படிக்குது, வீணை படிக்குது, மிருதங்கம் படிக்குது, பரதநாட்டியம் ஆடுது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மண்டபம் எடுத்து அரங்கேற்றம் செய்யிறியள். இதுவரைக்கும் உங்களுக்கு எத்தினை நாதஸ்வர அரங்கேற்ற அழைப்பிதழ் வந்தது? எத்தினை தவில் அரங்கேற்றம்? மிருதங்கம் தோல், தவிலும் தோல். மிருதங்கம் மேடையில் 'படிக்கிற' கலை. தவில் 'அவையின்ர' தொழில். இதுக்கு வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கோ, நாங்கள் சாதி எண்ட சொல்லை வாபஸ் வாங்குறம்.

இதில் இன்னொரு கள்ளத்தனமும் இருக்கு. ஒரு காலத்தில் கோயிலில் சின்ன மேளம், பெரிய மேளம் எண்டு இரண்டு இருந்தது. சின்ன மேளம் எண்டால் ஆட்டம். பெரிய மேளம் எண்டால் நாதஸ்வரமும் தவிலும். ஆறுமுக நாவலர் காலத்தில் இருந்து சின்ன மேளத்துக்கு எதிர்ப்பு எழும்பி, கடைசியில் அந்தப் பெண்கள் கோயில் வீதியை விட்டே போக வேண்டி வந்தது. பிறகு அதே ஆட்டத்தைக் கழுவித் துடைச்சு, பரதநாட்டியம் எண்டு பெயர் வைச்சு, எங்கட வீட்டுப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சம். ஆடினவையைத் துரத்திப்போட்டு ஆட்டத்தை எடுத்துக்கொண்டம். பெரிய மேளத்தில் வேறு மாதிரி. கலையை எடுக்கவும் இல்லை, கலைஞரை உயர்த்தவும் இல்லை. "அது அவையின்ர" எண்டு சில குடும்பங்களின் தோளில் முழுப் பாரத்தையும் ஏத்தி வைச்சம். அந்தக் குடும்பங்களின் பிள்ளையள் இண்டைக்குப் படிச்சு, கந்தோர் வேலைக்குப் போறதையோ வெளிநாடு போறதையோ விரும்பினால், "கலை அழியுது" எண்டு ஒப்பாரி வைக்கிறதும் நாங்கள்தான். அந்தப் பிள்ளை போகட்டும், அது அதின்ர உரிமை. கலை அழியக் கூடாது எண்டு உங்களுக்கு உண்மையான கவலை எண்டால் உங்கட பிள்ளையின்ர கையில் குழலைக் குடுங்கோ.

*சொல்லுகிற சாட்டுகள்*

நோர்வே எண்ணெய்க் காசில் மிதக்கிற நாடு, எங்களிட்ட என்ன இருக்கு எண்டு கேட்பியள். நோர்வேயின் கடலில் எண்ணெய் பெரிய அளவில் கண்டுபிடிக்கப்பட்டது 1969இல். பள்ளிக்கூடப் பிள்ளையளின் வாத்தியக் குழுக்கள் அதுக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னமே தொடங்கினவை. அப்ப அது மீனையும் மரத்தையும் கப்பலையும் நம்பின நாடு, எங்கட தீவுகள் மாதிரி ஆக்கள் அமெரிக்காவுக்கு ஓடின நாடு. காசு வந்த பிறகு ட்ரம்பெட் வரேல்லை. ட்ரம்பெட் ஊதப் பழகின பிள்ளையள் இருந்த இடத்துக்குத்தான் பிறகு காசும் போனது.

எங்களிட்ட காசு இல்லை என்பதும் சுத்தப் பொய். 1990இல் இராணுவம் தீவுப்பகுதிக்குள் வந்தது. சனம் கையில் கிடைச்சதோட கடல் தாண்டி ஓடினது. வேலணையில் வீடுகள் கூரை இல்லாமல் வருசக்கணக்கில் கிடந்தன. சண்டை முடிஞ்ச பிறகு வெளிநாட்டில் இருந்து காசு வந்தது. எங்கே போனது எண்டு பண்ணைப் பாலம் தாண்டி அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வந்து பாருங்கோ. புதுக் கோபுரம், புது மண்டபம், புதுத் தேர். அவையைக் கட்டின சனத்தின் பாசத்தை நாங்கள் கொச்சைப்படுத்தேல்லை. போக முடியாத ஊருக்கு அனுப்பக் கூடியது சீமெந்து மட்டும்தான் எண்டு அவை நினைச்சிருப்பினம். ஆனால் கோபுரம் ஒரு தரம் கட்டினால் நிக்கும். அதுக்குக் கீழே நிண்டு ஊதுறவர் ஒவ்வொரு மாதமும் சாப்பிட வேணும்.

"இப்ப மேளகாரருக்கு நல்ல காசு, தெரியுமோ?" இதுவும் சொல்லுவினம். யூரியூப்பில் பெயர் எடுத்த சிலருக்கு நல்ல காசுதான். உழைக்கட்டும், அதில் எங்களுக்கு என்ன எரிச்சல்? ஆனால் உச்சியில் நிக்கிற பத்துப் பேரைக் காட்டிக் கீழே நிக்கிற மிச்சப் பேரை மறைக்க வேண்டாம். திருவிழாக் காலம், கலியாண முகூர்த்தம் எண்டு வருசத்தில் சில மாதங்கள் நித்திரை இல்லாத ஓட்டம். மார்கழியில், ஆடியில் முகூர்த்தம் இல்லை. கொரோனா வந்து கோயிலும் கலியாண மண்டபமும் பூட்டின நேரம் இந்தக் கலைஞர்களின் அடுப்பை ஆர் போய்ப் பார்த்தது? ஓய்வூதியம் இல்லை. காத்தை உள்ளே இழுத்து நெஞ்சு நோக ஊதுற வேலைக்கு மருத்துவக் காப்புறுதி இல்லை. சீவாளி பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்து வர வேணும். அதின்ர விலையும் அவர் தலையில்தான்.

"அவை சினிமாப் பாட்டு ஊதி மரபைக் கெடுக்கினம்." இதைச் சொல்லுற ஆக்களைத்தான் எங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கேல்லை. வீதியில் கைபேசியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு "அந்தப் பாட்டைப் போடுங்கோ" எண்டு கத்துறது ஆர்? அதுக்கு மட்டும் கை தட்டுறது ஆர்? தோடி தொடங்கினவுடன் கச்சான் வாங்க எழும்பிப் போறது ஆர்? சனம் கேட்டதைக் குடுக்கிறவரிடம் மரபைக் காப்பாத்தச் சொல்லுறது அநியாயம். அதோட, புதிசு எண்டால் சினிமாப் பாட்டுத்தான் எண்டு ஆக்கினதும் நாங்கள்தான். மொல்வேர் ட்ரம்பெட்டுக்குக் கீழே மின்னணு ஒலியைப் போட்டதும் மரபு மீறல்தான். ஆனால் அது இன்னொருத்தரின் பாட்டைத் திருப்பி ஊதினது இல்லை. தன்ர இசையை ஆக்கினது. எங்கட நாதஸ்வரக்காரர் ஒருத்தரிடம், "உங்கட சொந்த ஆக்கம் ஒண்டு வேணும், ஆறு மாதம் எடுங்கோ, இந்தாங்கோ அதுக்கான காசு" எண்டு எந்தத் திருவிழாவாவது கேட்டதா? கேட்காமல், "புதிசாய் ஒண்டும் செய்யினமில்லை" எண்டு குறை சொல்ல எங்களுக்கு என்ன வாய் இருக்கு?

*நாங்கள் கேட்கிறது*

சண்டை பிடிச்சுப்போட்டுச் சும்மா போகிறதில்லை. செய்யக் கூடியதைச் சொல்லுறம். எல்லாம் எங்கட தீவுப்பகுதியின் கைக்குள் அடங்கின காரியங்கள்.

ஒண்டு, நோட்டீஸ். அடுத்த திருவிழாவில் நாதஸ்வரம், தவில் வாசிக்கிற ஒவ்வொருத்தரின் பெயரும் உபயகாரரின் பெயருக்குக் குறையாத எழுத்தில் வர வேணும். 'குழுவினர்' எண்டு மூடக் கூடாது. இதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

இரண்டு, பள்ளிக்கூடம். விளையாட்டுப் போட்டிக்கும் பிரதம விருந்தினரைக் கூட்டி வரவும் பாண்ட் வாத்தியம் வாங்கிறோம். பழைய மாணவர் சங்கம் வெளிநாட்டில் காசு சேர்த்து அனுப்புது. நல்லது, ட்ரம்பெட்டும் வேணும், எங்கட பிள்ளை மொல்வேர் மாதிரி ஊதட்டும். அதோட நாலு நாதஸ்வரமும் நாலு தவிலும் வாங்குங்கோ. கிழமைக்கு இரண்டு நாள் ஒரு வித்துவானைச் சம்பளத்துக்கு வைச்சு, விரும்பின பிள்ளை எல்லாருக்கும் படிப்பியுங்கோ. தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் வயலினுக்குச் சமமான பாடங்கள். இங்கே ஏன் முடியாது? பெட்டையளும் படிக்க வேணும். மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் பல பத்தாண்டுக்கு முன்னமே நாதஸ்வரம் ஊதினவர். வேறு மதத்துப் பிள்ளை வந்தாலும் சேர்க்க வேணும். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா முஸ்லிம். 1998இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அவருக்குக் கிடைச்சது. கருவிக்கு இல்லாத தீட்டு எங்களுக்கு எங்கே இருந்து வந்தது?

மூண்டு, பதிவு. இப்ப இருக்கிற மூத்த வித்துவான்களை, வீதி இரைச்சல் இல்லாத இடத்தில், நல்ல கருவிகள் வைச்சுப் பதிய வேணும். மல்லாரி வகைகள், சாமி எந்த வீதியில் நிண்டால் எந்த ராகம் என்ற முறை, தவிலின் சொற்கட்டுகள். பதிவின் உரிமை கலைஞருக்கு இருக்க வேணும். தெட்சணாமூர்த்திக்குச் செய்யாமல் விட்டதை இன்னொருத்தருக்கும் செய்யாமல் விடக் கூடாது.

நாலு, புது ஆக்கம். தீவுப்பகுதிக் கோயில்களோ வெளிநாட்டு ஊர்ச் சங்கங்களோ சேர்ந்து வருசத்துக்கு ஒரு கலைஞரிடம் ஒரு ஆக்கம் கேட்கட்டும். வாணவேடிக்கைக்கு ஒரு இரவில் எரிக்கிற காசு போதும். என்ன பொருளில் எண்டு கேட்டால், எங்களிடம் ஒண்டு இருக்கு. 1990. அந்த வருசம் இந்தக் கடலைத் தாண்டின சனம். அல்லைப்பிட்டியிலும் மண்டைதீவிலும் பிடிச்சுக்கொண்டு போய்த் திரும்பி வராத பெடியள். அதைப் பற்றிக் கதை எழுதினம், கவிதை எழுதினம், கூட்டம் வைச்சம். இரண்டு நாதஸ்வரமும் இரண்டு தவிலும் அதைச் சொல்லக் கேட்கேல்லை. மங்கள வாத்தியத்துக்கு அழத் தெரியாது எண்டு நாங்களே முடிவு கட்டிப்போட்டம்.

ஒஸ்லோவில், ரொறன்ரோவில், பாரிசில் இருக்கிற எங்கட வயது ஆக்களே, உங்களுக்கும் ஒரு வேலை. உங்கட அம்மா அப்பா அடுத்த திருவிழாவுக்கு உபயக் காசு அனுப்பேக்கை பக்கத்தில் இருங்கோ. "இந்த முறை மேளம் ஆர்? அவருக்கு எவ்வளவு? அவர் எங்கே தங்குறார்? என்ன புதிசாய் வாசிக்கப் போறார்?" எண்டு கேளுங்கோ. நிர்வாக சபைக்குப் போன் எடுத்து அதையே கேட்கச் சொல்லுங்கோ. முதல் வருசம் சிரிப்பினம். இரண்டாம் வருசம் கோவிப்பினம். மூண்டாம் வருசம் பதில் சொல்லத்தான் வேணும், காசு உங்கட.

ஊரில் இருக்கிற நாங்கள் நோட்டீசில் இருந்து தொடங்குறம். இந்த வருசம் அச்சுக்குப் போக முதல் ஒவ்வொரு கோயில் நிர்வாகத்திட்டயும் போய் முதலாவது கோரிக்கையை எழுத்தில் குடுக்கப் போறம். வரக் கூடிய ஆக்கள் சேர்ந்து வாங்கோ.